வாலிபர் ஐக்கியத்தின் ஆண்டறிக்கை: முகாம்களும் சிறப்பு நிகழ்ச்சிகளும்

ஆயர் ஐயா அவர்களுக்கும், திருச்சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெற்றோருக்கும், ஐக்கியத்தின் தம்பி தங்கைகளுக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வாராந்தரக் கூடுகை, வாலிபர் ஞாயிறு, அறுப்பின் பண்டிகை ஏலம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கமிட்டியில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: முகாமுக்கு இவ்வளவு செலவு தேவையா? அறிக்கையின் பெரும்பகுதி அதற்குத்தான்.

ஞாயிறு மாலைக் கூடுகை ஒன்றரை மணி நேரம். அம்பத்தூர், தாம்பரம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஆமென் சொன்ன கையோடு ரயில் பிடிக்க ஓடுகிறார்கள். வெள்ளி மாலை 6 மணிக்குத் தொடங்கி ஞாயிறு பகல் 2 மணிக்கு முடியும் முகாம் 44 மணி நேரம். தூக்கத்துக்கு 16 மணி கழித்தாலும் மீதி 28 மணி, பதினெட்டு வாரக் கூடுகைக்கும் சற்று மேல். செய்தி நேரத்தில் வாயே திறக்காத பிளஸ் டூ பையன், சாம்பார் அண்டாவைத் தேய்க்கும்போதுதான் “அண்ணா, ஜெபம் பண்ணா மார்க் வருமா?” என்று கேட்பான். ஆகவே பாத்திரம் கழுவக் கூலி ஆள் வைக்கக் கூடாது. குழுவுக்கு ஒரு வேளை என்று முறை போட்டு, குழுத் தலைவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூட நிற்க வேண்டும். இஸ்ரவேலர் ஏழு நாள் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும் என்று லேவியராகமம் 23-ல் கட்டளையே இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே தங்குவதன் பலன் இன்று நேற்று கண்டுபிடித்ததல்ல.

தேதி பிசகினால் எல்லாம் பிசகும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. மே மாதம் கத்திரி வெயில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடைசியில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் வேறு. மிஞ்சுவது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வார இறுதிகள்தான். பொங்கல் விடுமுறை நல்ல நேரம், ஆனால் ரயிலில் இடம் கிடைக்காது.

முகாமுக்கு ஏலகிரி மலைக்குப் போவதென்றால் ஜோலார்பேட்டை வரை ரயில். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது; ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். 60 பேருக்குப் பத்து டிக்கெட் என்றால், பெயரும் வயதும் அதற்கும் பத்து நாள் முன்பே கையில் இருக்க வேண்டும். “பார்த்துச் சொல்றேன்” என்பவர்களுக்காகக் காத்திருந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கீழே பரோட்டா சால்னா கொடுத்து ஏற்றினால் பாதி வழியில் வேனை நிறுத்த வேண்டிவரும். இட்லியோ தயிர் சாதமோ போதும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வைத்தே ஒரு வினாடி வினா நடத்தலாம்.

60 பேருக்கு வேளைக்கு 7 முதல் 8 கிலோ அரிசி. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 12. விளையாட்டு இருந்தால் கூடுதலாக மூன்று. யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. உப்பைக் கண்ணளவில் போடக் கூடாது. சனி மதியம் பிரியாணி போட்டுவிட்டு இரண்டரை மணிக்கு வேதபாடம் வைத்தால் பேச்சாளர் சுவரோடுதான் பேச வேண்டும். பிரியாணி ஞாயிறு மதியத்துக்கே.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வரும் முகாமில் எட்டுப் பேருக்கு ஒரு தலைவர். பெண்பிள்ளைகளுக்குப் பெண் தலைவர்தான். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு அடைத்த அறையில் பேசக் கூடாது. ஆலோசனை நாலு பேர் கண்ணில் படுகிற திண்ணையில். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-ன்படி அப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் புகார் கொடுக்காமல் மூடிமறைப்பதும் குற்றம் என்பதைத் தலைவர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை மூன்றும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். கோவளம் பக்கம் ஒருநாள் ரிட்ரீட் (தியானக் கூடுகை) என்றால் கடலில் கால் நனைக்கவும் அனுமதி இல்லை. இதில் பேரம் கிடையாது.

சனி இரவு கேம்ப் ஃபயர், அழுகை, பதினொரு மணிக்கு ‘ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்ற அர்ப்பணிப்பு அழைப்பு என்பது பல இடங்களில் பழகிப்போன முறை. நமக்கு அது வேண்டாம். களைத்த உடம்பும் பக்கத்தில் எழுந்து நிற்கும் சிநேகிதனும் சேர்ந்து எடுக்கவைக்கும் தீர்மானம் செவ்வாய்க்கிழமை வரை தாங்குவதில்லை. பத்தரைக்கு விளக்கை அணைத்து, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தனிமைக்கு விட்டு, அதன்பின் தீர்மானத்தை அட்டையில் எழுதச் சொல்வதே சரி. அட்டையைக் குழுத் தலைவர் பத்திரமாக வைத்திருந்து புதன்கிழமைக்குள் போன் செய்ய வேண்டும். அடுத்த ஆறு வாரம் அதே எட்டுப் பேர் அதே தலைவரோடு கூட வேண்டும். முகாமுக்கு ஆள் சேர்க்கிறோம், இந்த ஆறு வாரத்துக்குச் சேர்ப்பதில்லை. காசு வீணாவது இங்கேதான்.

கேரல் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பத்து நிமிடம். ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் காபியும் என்றால் கடைசி வீட்டார் நடுராத்திரி வரை விழித்திருக்க வேண்டும். ஆகவே ஒரு தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் உபசரிப்பு. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை. அடுக்குமாடிகளில் முந்தின நாளே அசோசியேஷனிடமும் வாட்ச்மேனிடமும் சொல்லிவிட வேண்டும். காணிக்கைக் கவர்களை அன்றிரவே இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.

வரும் ஆண்டுக்கான கோரிக்கை இரண்டு. முகாம் செலவில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் முகாமுக்குப் பிந்தைய ஆறு வாரக் கூடுகைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும். குழுத் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் வராமல் முகாம் இடத்துக்கு முன்பணம் கட்டக் கூடாது. இவ்விரண்டையும் கமிட்டியின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
வாலிபர் ஐக்கியம், சென்னை