போத்தலில் கிடந்த தவளை

மட்டக்களப்பு,
கார்த்திகை

அன்புள்ள மச்சான்,

உன் முழங்கால் நோ குறைந்ததா? இங்கே மாரி பிடித்துவிட்டது. போன கிழமை படுவான்கரையில் மைத்துனரின் வயல் வாடியில் ஒரு இரவு தங்கினேன். யானைக்குப் பயந்து விழித்திருக்கத் தேவையே இல்லை, தவளைச் சத்தத்தில் கண் மூட முடியவில்லை.

உயர்தரம் படிக்கும்போது ஆய்வுகூடத்துப் போத்தலில் கிடந்த குட்டித் தவளை நினைவிருக்கா? லேபிள் எழுதியது நான்தான்: மைக்ரோஹைலா ரூப்ரா. அது பிழையாம்! அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். ரூப்ரா என்பது தென்னிந்தியத் தவளை. இலங்கையில் இருப்பது வேறு இனம் என்று காட்டி, 2016 இல் மைக்ரோஹைலா மிகிந்தலேயி என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் அனுராதபுரத்துக்குப் பக்கத்து மிகிந்தலையிலிருந்து வந்தது.

பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். உடல் அளவுகளை ஒப்பிட்டார்கள், மரபணுவைப் பார்த்தார்கள், போதாததற்குச் சத்தத்தையும் பதிந்து அலசினார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வேலைதான். இருட்டில் பெண் தவளை துணை தேடுவது குரலை வைத்துத்தானே. முன்னொரு காலம் கடல் வற்றி இந்தியாவோடு நாம் ஒட்டியிருந்தும் இரண்டும் தனித்தனி வழியில் போயிருக்கின்றன, பார்.

புதுத் தவளை என்றால் சிங்கராஜா, நக்கிள்ஸ் என்று ஏதாவது மலைக்காட்டில்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அங்குள்ள புதர்த் தவளைகள் சில ஒரேயொரு மலையை விட்டு நகராதவை. இதுவோ தாழ்நிலம் எங்கும் பரந்து கிடக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் வரை. நாம் மிதிக்காமல் தாண்டிப்போன வரப்புத் தவளை!

அன்றிரவு டோர்ச் அடித்து ஒன்றைப் பிடித்தேன். பெருவிரல் அளவுகூட இல்லை. செம்மண் நிற முதுகு, மூக்கிலிருந்து விலா வழியே ஒரு கரும்பட்டை. ஈரமணலில் விட்டதும் பின்காலால் கிண்டிக் கிண்டி, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் புதைந்துபோனது. கடைசியாக மறைந்தது கண்.

அந்தப் போத்தல் 1978 சூறாவளியோடு போயிருக்கும், இல்லாவிட்டால் ஒருக்காப் போய் லேபிளைத் திருத்தியிருப்பேன்.

சத்தத்தைக் கைபேசியில் பதிந்து மனுசிக்குப் போட்டுக் காட்டினேன். “யன்னலைத் திறந்தாலே இதுதானே கேட்குது?” என்றாள். சரி, உனக்காவது அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்