படத்தில் இருப்பது 1940-இன் ஸ்டூகா இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசிய ஜெர்மன் விமானமான ஸ்டூகா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் ‘1940, பிரான்ஸ்’ என்று போட்டிருக்கும் படம் அந்த வருஷத்து விமானம் இல்லை. இறக்கைகளுக்குக் கீழே நீளமாக இரண்டு பீரங்கிகள் துருத்திக்கொண்டிருக்கின்றன, பாருங்கள். அது டாங்கிகளை அடிக்கவென்றே 1943-இல் ரஷ்யப் போர்முனைக்கு வந்த ஜி ரகம்.

பிரான்ஸில் பறந்தது பி ரகம். முன்னோக்கிச் சுட இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 7.92 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள், பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவர் கையில் அதே அளவில் ஒன்று, அவ்வளவுதான். உண்மையான ஆயுதம் வயிற்றுக்கடியில் தொங்கிய குண்டு. 500 கிலோவில் ஒன்று, இல்லையென்றால் 250 கிலோவில் ஒன்றும் இறக்கைகளுக்கடியில் 50 கிலோவில் நான்கும். கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பாயும்போது குண்டை அப்படியே விட்டால் முன்னால் சுழலும் ப்ரொப்பல்லரிலேயே போய் மோதிவிடும். அதற்காக ஊஞ்சல் போல ஆடும் ஒரு கவை, குண்டைக் கீழ்நோக்கி வீசி, ப்ரொப்பல்லர் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, பாயும்போது அலறும் சைரனுக்கு மட்டும் அரைப் பக்கம்! சைரன் கீழே இருந்தவர்களைக் கதிகலங்க வைத்தது, சரி. ஆனால் அது வேகத்தைக் குறைக்கிறது என்று பின்னாளில் பல விமானங்களில் கழற்றியே விட்டார்கள்.

கட்டுரையில் ஸ்டூகாவுக்குக் கொடுத்த ‘பலத்த ஆயுதம் தாங்கிய’ என்ற அடைமொழியும் பொருந்தவில்லை. பின்னாலிருந்த அந்த ஒற்றைத் துப்பாக்கிக்கு 75 தோட்டா கொண்ட டிரம். சண்டைக்கு நடுவே அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். துரத்தி வந்த பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிகேனுக்கும் எட்டெட்டுத் துப்பாக்கிகள். 1940 ஆகஸ்ட் 18 அன்று தெற்கு இங்கிலாந்தில் வாங்கிய அடிக்கு அப்புறம், பிரிட்டன் மீதான பெரிய தாக்குதல்களிலிருந்து ஸ்டூகாவை விலக்கிக்கொண்டார்கள். பின்பக்கம் இரட்டைத் துப்பாக்கி வந்தது டி ரகத்தில்தான்.

உங்கள் படத்திலுள்ள ஜி ரகத்துக்கு 37 மி.மீ. பீரங்கி இரண்டு, ஒவ்வொன்றிலும் 12 குண்டுகள் மட்டுமே. விமான எதிர்ப்புப் பீரங்கியை மாற்றியமைத்துப் பொருத்தியது அது. அந்தச் சுமையோடு பழையபடி பாய முடியாது. தாழப் பறந்து, தகடு மெல்லிதாக இருக்கும் பின்பக்கத்தில்தான் டாங்கியை அடித்தார்கள்.

அடுத்த இதழில் படத்தை மாற்றிப் போட்டால் நல்லது. சிகாகோவின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஸ்டூகா பி ரகத்தின் நீண்டதூர வடிவம். அதன் படமே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்