தூண்டிலுக்கு இறகும் நூலும் தந்த ஊராருக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம்.

செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நான், காலை வேளைகளில் தமிழ்ப்பள்ளித் திடலில் நின்று நீண்ட நூலொன்றை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருப்பதைக் கண்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்கள் பலர். இறகும் நூலும் சுற்றிய பொய் இரையை (அதுதான் ஃபிளை) வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்குக்கான பயிற்சிதான் அது. கேட்டதோடு நில்லாமல் கைகொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லியிருந்தாலும், ஊரறியச் சொல்வதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறேன்.

ஆலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்த மலாய் எஞ்சினியருக்கே முதல் நன்றி. ஜொகூருக்கு மாற்றலாகிப் போகையில், தாம் பயன்படுத்திய ஆறாம் எண் ஃபிளை கோலையும் அதற்குரிய ரீலையும் என்னிடம் கொடுத்து, இயந்திரம் தெரிந்தவருக்கு இதன் கணக்கு பிடித்துப்போகும் என்றார். அவர் சொன்னது சரிதான். சிறு வயதில் ஈப்போப் பக்கத்தில் வெள்ளீயம் தோண்டிய குட்டைகளில் மண்புழு கோத்து மீன் பிடித்தபோது, முனையில் கட்டிய ஈயக் குண்டின் எடைதான் தங்கூசை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இறகும் முடியும் சுற்றிய சிறு முள்ளுக்குப் பெரும்பாலும் எடையே இல்லை. தடித்த நூலின் எடைதான் கோலை வளைத்து, அந்த வளைவு நிமிரும் விசையில் முள்ளையும் உடன் கொண்டுபோகிறது. ஆறாம் எண் நூலின் முதல் 30 அடி 160 கிரெயின், அதாவது ஏறத்தாழ 10 கிராம் இருக்க வேண்டும் என்பது அளவுமுறை. பின்னே வீசிய நூல் காற்றில் முழுதும் நீளும்வரை பொறுத்திருந்த பிறகே முன்னே தள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிவதற்குள் வேலையை முடித்தே பழகிய கைக்கு, அந்த ஒரு நொடிக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

அதைப் பழகத் திடலைத் தந்த தலைமையாசிரியை அம்மையாருக்கும், பழைய சைக்கிள் டயர்களைப் புல்லில் பரப்பி, எதற்குள் நூல்முனை விழவேண்டும் என்று எனக்குக் கட்டளையிட்ட மாணவர்களுக்கும் நன்றி. அவர்கள் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

இது வெள்ளைக்காரத் துரைமாரின் விளையாட்டு என்று சிலர் சொன்னார்கள். கோலுக்கும் நூலுக்கும் பணம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் முள்ளில் கட்டும் ஃபிளைக்குத் தேவையானவை பெரும்பாலும் நம் ஊரிலேயே கிடைத்தன. சேவலின் கழுத்து இறகை எனக்கென்று எடுத்துவைத்தவர் சந்தையில் கோழி விற்கும் அண்ணன்; மெல்லிய நூற்கண்டுகளைத் தந்தவர் தையற்கடை அக்கா. தேய்ந்துபோன சிலிப்பரை வெட்டினால் மிதக்கும் வண்டு போன்ற ஃபிளை கிடைக்கும் என்று கண்டுபிடித்தவன் என் பேரன். அது என் யோசனை என்று ஊரில் சிலர் நினைத்திருப்பதால் இதைத் தெளிவுபடுத்துகிறேன்.

குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனுக்காக வளர்ந்த இந்தக் கலையில், நீரில் பிறக்கும் பூச்சிகளைப்போல் ஃபிளை கட்டுவதே பழைய வழக்கம். நம் ஆறுகளில் டிரவுட் இல்லை. நம் ஆற்று மீன்களில் செபராவ் சிறு மீன்களைத் துரத்தித் தின்பது. அதற்குப் பாப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1987இல், உலோகக் கண்கள் வைத்துத் தலை கனக்கக் கட்டிய கிளவுசர் மின்னோ என்னும் சிறுமீன் போன்ற ஃபிளை ஏற்றதாக இருக்கிறது. கெலா என்ற மற்றோர் ஆற்று மீனின் வழக்கமே வேறு. அது கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களையும் தின்னும்; செம்பனைப் பழத்தைக் கோத்து அதைப் பிடிப்பவர்கள் உண்டு. தோட்டத்து மண்டோர் ஐயா ஒரு நாள் என்னை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று, நீரில் விழும் உதிரிப் பழம் முதலில் அமிழ்ந்து, பிறகு அடியோட்டத்தில் உருண்டுபோகும் விதத்தைக் காட்டினார். செம்மஞ்சள் கம்பளி நூலால் உடலும் கறுப்பு நூலால் தலையுமாக நான் கட்டும் பழ ஃபிளை, அவர் காட்டியதைப் பார்த்துச் செய்ததே. இத்தனை ஆண்டுகள் அந்தப் பழங்களை ஆலையில் பிழிந்தவன், அவை நீரில் எப்படிப் போகும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

புளூஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு என்னை அழைத்துச் சென்ற தெமியார் பழங்குடி நண்பருக்கு நான் பட்ட கடன் பெரிது. பாறைக்குப் பின்னால் ஓட்டம் தளரும் இடத்தில் மீன் முகத்தை எதிரோட்டத்துக்குக் காட்டி நிற்கும் என்பதையும், நம் நிழல் நீரில் விழாமல் எந்தப் பக்கமாக நெருங்க வேண்டும் என்பதையும் அவர் கையசைவாலேயே கற்றுக்கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் காடு அடைத்திருக்கும் அத்தகைய இடத்தில் பின்வீச்சுக்கு வழியில்லை. நூலை நீரின்மேல் மெல்ல இழுத்து, கோலைத் தோளருகே நிறுத்தி, அங்கிருந்தே சுருட்டி முன்னே விடும் ரோல் காஸ்ட்தான் அங்கே உதவுகிறது. மலையில் மழை பெய்து ஆறு தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இறங்கி வந்தால், மறுபேச்சின்றித் திரும்பிவிட வேண்டும் என்பதும் அவர் விதித்த விதி.

கெலா மெதுவாக வளரும் மீன் என்பதால் அதைப் பிடித்தாலும் விட்டுவிடுகிறேன். முள்ளின் முனையருகே பின்னோக்கி நீட்டும் எதிர்முள்ளை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிட்டு, கையை நனைத்த பிறகே மீனைத் தொட்டு, தலை எதிரோட்டத்தில் இருக்குமாறு பிடித்து, அது தானாக உதறிப்போகும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் போய், வெறுங்கையோடு வரும் கணவருக்காகச் சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைக்கும் என் மனைவிக்குச் சொல்லும் நன்றி, இந்த மடலில் அடங்காது. அவரும் அதை மடலில் எதிர்பார்க்கவில்லை.

கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் ஞாயிறு காலையில் திடலுக்கு வரலாம். முனையில் முள்ளுக்குப் பதிலாகக் கம்பளித் துண்டு கட்டித்தான் பழக்குவேன் என்பதால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. கோல் ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்துக்கொள்வோம். சேவல் இறகு இப்போதைக்குப் போதும். கறுப்புச் சிலிப்பர் கிடைத்தால் தையற்கடையில் கொடுத்துவைக்கவும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்