மிரின் போத்தலின் மேல் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதுகிற நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது, அதுவும் நான் அனுப்பின அதே நிமிடத்தில். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தயவுசெய்து யாராவது ஒரு மனிதர் வாசியுங்கள்.

நாட்டுக்கு ஒன்றாக நீங்கள் அனுப்புகிற சமையல் பெட்டிகளில், ஜப்பான் பெட்டியில் வந்த அந்தச் சிவப்பு மூடிப் போத்தல்தான் விஷயம், மிரின் என்கிற ஜப்பான் சமையல் சாறு. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் பொருள்தானே. அதன்மேல் தமிழில் "இனிப்பு அரிசிப் பாகு" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். பெட்டி வந்த அன்றைக்கே நான் போன் எடுத்து, இதில் மதுசாரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்: நானும் காத்தான்குடியில் இருக்கிற ஒரு ராத்தாவும் சேர்ந்துதான் இந்தப் பெட்டிகளைச் சமைத்துப் பார்க்கிறோம், நோன்பு திறக்க அவருடைய வீட்டார் 9 பேர் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் ஆள் சிரித்துவிட்டு, "அது சும்மா அரிசித் தண்ணி அம்மா, நீங்க மட்டக்களப்புப் பக்கந்தானே, பழக்கமில்லாத சாப்பாடு, யூடியூப்பில பாருங்க" என்றார்.

அதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அதற்கு மறுகா வருகிறேன்.

பாங்கு சொல்ல பத்து நிமிடம் இருக்கிறது. கோழி அடுப்பில், சோயாவும் மிரினும் சேர்ந்து பளபளவென்று பாகாகி நிற்கிறது, வீடெல்லாம் நல்ல வாசம். என் மகள் சும்மா கை அரித்து ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினாள். அதற்குக் கீழே, போத்தலில் அச்சடித்தபடியே, மதுசாரம் 14 சதவீதம். பதினான்கு! பியரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் சரியாக அந்த எண்ணுக்கு மேலேயே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இடம் அப்படிப் பொருந்தியிருக்கிறது.

இரண்டு கிலோ கோழியும் குப்பைக்குப் போனது. நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் ரோல்ஸும் வைத்துச் சமாளித்தோம். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை, "பரவாயில்லை பிள்ளை, தெரியாமல்தானே" என்றார். அதுதான் எனக்கு இன்னும் மோசம். இருபது வருடப் பழக்கம், ஒரே போத்தலில் போக இருந்தது. இனி அந்த வீட்டு ஆட்கள் என் வீட்டில் தண்ணீராவது குடிப்பார்களா தெரியவில்லை. (போன கிழமை வந்து தேத்தண்ணி குடித்தார்கள்தான், ஆனால் அது வேறு கதை.)

அடுத்த நாள் திரும்ப எடுத்தால், அதே குரல். "கொதிக்க வச்சா எல்லாம் போயிடும் அம்மா" என்கிறார். போகாது. கால் மணித்தியாலம் கொதித்த பிறகும் கிட்டத்தட்ட 40 சதவீதம் குழம்பிலேயே நிற்கும், இரண்டரை மணித்தியாலம் அவித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதோடு ஆவியாகிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை, இருக்கிறதா என்றுதான் கேட்டேன். பசையரிசியையும் கோஜி என்ற பூஞ்சணம் பிடித்த அரிசியையும் ஷோச்சு என்ற சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறவிட்டுத்தான் உண்மையான மிரின் செய்கிறார்கள். இதை விற்கிற உங்களுக்கு இது தெரியாதா? மதுசாரமே இல்லாத மிரின் மாதிரிச் சாறும் கடையில் இருக்கிறது, அதைப் போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

இனி அந்த "மட்டக்களப்புப் பக்கம்". உங்கள் முதல் பெட்டி தாய்லாந்து. அதில் காய்ந்த பான்டன் இலை பத்து, "அரிய வகை இலை, கிடைக்காவிட்டால் வனிலா சேர்க்கவும்" என்று தாளில் இருந்தது. ஐயா, அது ரம்பை. என் கிணற்றடியில் புதராக நிற்கிறது, சோற்றுக்குப் போடவும் கறிக்குப் போடவும் தினமும் வெட்டுகிறேன். அதையே காயவைத்து எனக்கே விற்றிருக்கிறீர்கள். அதே பெட்டியில் டொம் கா சூப்புக்கு "தாய் இஞ்சி" என்று வந்தது இஞ்சியே இல்லை, பேரரத்தை. அந்தச் சூப்பின் பெயரில் உள்ள "கா" என்பதே அதுதான். உங்கள் தாளில் "சாதாரண இஞ்சியும் போடலாம்" என்று இருந்ததை நம்பி இரண்டாவது முறை இஞ்சி போட்டேன், காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற கசாயம் மாதிரி வந்தது.

வியட்நாம் பெட்டியில் ஃபோ சூப்புக்கு வந்த தடித்த பட்டைக்கு "நம் நாட்டுக் கறுவா" என்று போட்டிருந்தீர்கள். நம் நாட்டுக் கறுவா சுருட்டுப் போல மெல்லிய தாள் தாளாக இருக்கும், கையால் நொறுக்கலாம். நீங்கள் அனுப்பியது கசியா என்கிற வேறு பட்டை. ஃபோவுக்கு அதுதான் சரி, அதில் குறை இல்லை, பெயர்தான் பொய். இலங்கையில் உட்கார்ந்துகொண்டு கறுவாவை மாற்றிச் சொல்கிறவர்கள் மிரினை எங்கே சரியாகச் சொல்லப் போகிறார்கள்.

ஜப்பான் தாளில் 1908 இல் இகெடா என்ற ஜப்பான் விஞ்ஞானி கொம்பு என்கிற கடற்பாசியில் உமாமி என்ற சுவையைக் கண்டுபிடித்த கதை அரைப்பக்கம். நல்லது, சரியான கதைதான். ஆனால் கொம்பை அரை மணித்தியாலம் கொதிக்கவிடச் சொல்லியிருக்கிறீர்கள்! தண்ணீர் கொதி வரும்போதே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழுவழுத்துக் கசக்கும். கட்சுவோபுஷி சீவல் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்தது, நம் மாசிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மாசிச் சம்பல் இடிக்கிற எவருக்கும் உடனே விளங்கியிருக்கும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் உங்கள் பெட்டி எல்லோரையும்விட நன்றாக விளங்கும் என்று போனில் பேசிய அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்.

போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கல்முனையில் உங்கள் பொதி எடுக்கும் இடத்துக்குப் போகச் சொன்னீர்கள். வெயிலில் பஸ் ஏறிப் போனேன், மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது, இரண்டு மணித்தியாலம் கடை வாசலில் நின்றேன். திறந்தவர் "திரவம் எடுக்க மாட்டோம், அம்பாறைக்குப் போங்க" என்றார். மறுநாள் அம்பாறைக்கும் போனேன். அங்கே இருந்தவர் உங்கள் நிறுவனத்தின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டாராம். மிரின் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா வாசத்துக்கு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். 6 பெட்டிக்கு முன்கூட்டியே 41,400 ரூபா கட்டியிருக்கிறேன். ஜப்பான் பெட்டிக்கும் இன்னும் வராத மூன்றுக்கும் சேர்த்து 27,600 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். அந்தத் தம்பி எனக்கு இல்லாவிட்டாலும் ராத்தாவுக்கு ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்லட்டும். மற்ற வீடுகளுக்குப் போன போத்தல்களைப் பற்றி அவர்களுக்கு உடனே அறிவியுங்கள், நோன்பு இன்னும் முடியவில்லை.

நான் சண்டைக்காரி இல்லை. 14 நாள் பொறுப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் 1977 ஐ அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் போத்தலைக் காட்டுவேன்.

உரித்த ஸ்டிக்கரை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டிப் பற்றுச்சீட்டோடு வைத்திருக்கிறேன். போத்தலை எடுக்க ஆள் அனுப்புவதானால் வீட்டுக்கே அனுப்புங்கள், கல்முனைக்கு இனிப் போக மாட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், அன்றைக்கு ராத்தா வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்