31ஆம் நாளுக்கும் மானியம் ஒதுக்குங்கள்

தமிழ்நாடு அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை, மக்கள் நல்வாழ்வு, சமூக நலத் துறைகளின் செயலாளர்களுக்கு,

வணக்கம். குடிநோய் சிகிச்சையிலும் பின்கவனிப்பிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. மறுவாழ்வு மையங்களுக்கான மானிய விதிகளில் ஒரு மாற்றம் கேட்கிறோம். படுக்கையில் இருப்பவருக்கு ஒதுக்குவது போலவே, 30 நாள் சிகிச்சை முடிந்து எழுந்து வீட்டுக்கும் வேலைக்கும் போகிறவருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

மது அடிமைத்தனம் உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார் என்றும், 180 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்கிறார் என்றும் மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு சொன்னது. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டதை அதனால்தான் மனமார வரவேற்றோம். குடியை நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை நடுக்கமும் பிதற்றலும் உயிரையே பறிக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (பி1 வைட்டமின்) கொடுப்பது, ஈரல் கெட்டவருக்கு மருந்தை மாற்றுவது எல்லாம் மருத்துவமனைகள் நன்றாக அறிந்தவை. அந்தப் பகுதியைப் பற்றி நாங்கள் எழுத வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. மத்திய அரசின் மானியம் 15, 30, 50 எனப் படுக்கைகளை எண்ணி வருகிறது. 15 படுக்கை, ஆளுக்கு 30 நாள் என்றால் ஆண்டுக்கு 180 பேர். ஒவ்வொருவரையும் ஓராண்டு பின்தொடர்வதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 255 சந்திப்புகள், 25 வேலை நாளில் நாளொன்றுக்குப் பத்து. அதில் பாதி வீடு தேடிப் போக வேண்டியவை. ஓர் ஆலோசகர், உள்நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, இதைச் செய்யவே முடியாது. அதனால் அது நடப்பதில்லை; பதிவேட்டில் மட்டும் கையெழுத்து விழுகிறது. 15 படுக்கைக்குப் பின்கவனிப்புக்கென்றே இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குப் பெட்ரோல் செலவும் வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போதுதான் பலர் மறுபடி குடியில் சறுக்குகிறார்கள். காரணங்கள் மிகச் சாதாரணமானவை. கொத்தனாரின் கரண்டியும் ரசமட்டமும் டிரில்லிங் மெஷினும் அடகுக்கடையில் கிடக்கும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை புதுப்பிக்கப்படாமல் இருக்கும், ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருக்கும். முதல் வாரக் கூலியைக் கந்துவட்டிக்காரர் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். கூலி சனிக்கிழமை சாயங்காலம் ரொக்கமாக வரும். அதே நேரத்தில் கூட்டாளிகள் ஒரு குவார்ட்டருக்குப் பங்கு சேர்ப்பார்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகையை, கருவி மீட்கவும் அட்டை, உரிமம் புதுப்பிக்கவும் மட்டும் என்று வரையறுத்து மையத்தின் கையில் கொடுங்கள். அடகுக்கடைக்கு மையமே நேராகக் கட்டட்டும், நோயாளி கையில் ரொக்கம் போக வேண்டாம். கூலியைத் திங்கள் காலையில் வங்கிக் கணக்கில் போடச் சம்மதிக்கும் மேஸ்திரிகளையும் ஒப்பந்தக்காரர்களையும் தேடிப் பிடிப்பது பின்கவனிப்புப் பணியாளரின் வேலையாக இருக்கட்டும்.

எந்த வேலைக்கு எப்போது அனுப்புவது என்பதையும் விதியில் எழுத வேண்டும். நெடுநாள் குடித்தவருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம். அவரைச் சாரத்தில் ஏற்றினால் விழக்கூடும். வலிப்பு வந்தவரை மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்ட அனுப்பக்கூடாது. குடித்தால் உடம்பு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடும் தச்சர் ஸ்பிரிட் கலந்த பாலிஷ் வேலைக்குப் போனால், குடிக்காமலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து வாந்தி எடுக்கக்கூடும்; பிறகு மாத்திரையை அவரே நிறுத்திவிடுவார். (அந்த மாத்திரையைச் சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியாக வேண்டும்.) தூக்கமும் ஞாபகமும் சீராகச் சில வாரங்களாவது ஆகும். அதனால் முதல் நான்கு வாரம் அரைநாள் வேலை, குறையும் கூலிக்கு ஈடாக மானியத்திலிருந்து ஒரு பங்கு என்று வைத்தால், அவசரப்பட்டு முழுநாள் வேலையில் இறங்கி மடங்கிப் போவது குறையும்.

வெளிநோயாளிப் பிரிவு வார நாள் காலையில் மட்டும் நடந்தால், மாத்திரை வாங்க வருகிறவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். வாரத்தில் ஒரு மாலையும் ஞாயிறு காலையும் பின்கவனிப்பு நேரமாகட்டும். பேருந்துச் செலவும் அனுமதிக்கப்பட்ட செலவாகட்டும்.

வேலை கொடுப்பவரிடம் காட்டும் தகுதிச் சான்றில் நோயின் பெயர் இருக்கக்கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. அதன் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 'வேலைக்குத் தகுதியானவர், உயரத்தில் ஏறக்கூடாது' என்ற ஒரு வரி போதும்.

வெற்றியை எப்படி அளப்பது என்பதை மாற்றுவது எல்லாவற்றையும்விட முக்கியம். 'ஓராண்டு குடிக்காதவர் எத்தனை பேர்' என்று மட்டும் கேட்டால், சறுக்கியவரை மையங்கள் மறைக்கும், அல்லது தொடர்பையே விட்டுவிடும். மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனார், சறுக்கியபின் எத்தனை நாளில் மறுபடி மையத்துக்கு வந்தார் என்று கேளுங்கள். ஒருநாள் குடித்ததற்காக யாருடைய உதவியும் நிற்கக்கூடாது.

2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நாங்கள் கேட்பது அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் முதல் தவணை ஏப்ரலிலேயே வர வேண்டும். சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனால் ஆலோசகர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நள்ளிரவில் கை நடுங்க அழைக்கிறவருக்கு அந்த ஆலோசகரின் பழைய எண் அணைந்திருக்கும். ஆகவே பின்கவனிப்புக் கைப்பேசி எண் மையத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும், இரவிலும் யாராவது எடுக்க வேண்டும் என்பதையும் மானிய நிபந்தனையில் சேருங்கள்.

இப்படிக்கு,
குடிநோய் மறுவாழ்வுப் பணியாளர்கள்