வீடியோ அனுப்புவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து வியாபாரிகள் குரூப்புகளில் கொஞ்ச நாளாக ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஆட்களில் பலர் அதை எங்களுக்கும் அனுப்பிவைத்தார்கள். "போன் பண்ணினா எடுக்க மாட்டானுவ. எடுத்தாலும், குரூப்பில வீடியோ கெடக்கு பாருங்கன்னு சொல்லி வச்சிருவானுவ" என்பது அதன் சாரம். பேசியவர் யார் என்ற ஆராய்ச்சி எங்களுக்கு வேண்டாம். நம் பில்லிங் மென்பொருளை வருடக்கணக்காகப் பயன்படுத்துகிறவர் என்பது பேச்சிலேயே தெரிகிறது. அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

போன் விஷயம் சுருக்கமானது. உதவி எண்ணில் பேசிக்கொண்டிருந்த இருவருக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அங்கே கொடுக்கிற சம்பளத்தை நாகர்கோவிலில் இருந்துகொண்டு எங்களால் கொடுக்க முடியாது. நன்றாக இருக்கட்டும். அவர்களில் ஒருவர்தான் வீடியோக்களுக்குக் குரல் கொடுத்தவரும். "குரல் மாறியிருக்கே, அந்தப் பிள்ளை எங்கே?" என்று விசாரித்த அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் நன்றி.

அந்த மெசேஜில் எங்களைக் குத்திய இடம் போன் அல்ல. "ரெண்டு நிமிஷ வீடியோ. மொபைலைத் தூக்கிப் பிடிச்சா ஆச்சு. இதுக்கு எதுக்கு ஒரு நாளு?" என்றும் அதில் கேட்டிருந்தார். இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொபைலைத் தூக்கி மானிட்டரைப் படம் எடுத்தால் என்ன வரும் என்று உங்கள் கடையிலேயே எடுத்துப் பார்க்கலாம். திரை முழுக்க அலையலையாகக் கோடு ஓடும். மானிட்டரின் புள்ளி வரிசையும் கேமராவின் புள்ளி வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராததால் வருகிற கோடு அது. மேலே எரிகிற டியூப்லைட் வேறு திரையில் பளபளக்கும். எந்தக் கட்டத்தில் என்ன தொகை என்று படிக்கவே முடியாது. ஆகவே திரையைக் கணினிக்குள்ளேயே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள்.

பதிவு பட்டனை அழுத்துவதற்கு முன்னால்தான் பாதி வேலை. முதலில் ஒரு மாதிரிக் கடை வேண்டும். உங்களில் ஒருவரின் கடைக் கணக்கைத் திறந்து காட்டுவது எளிது. ஆனால் உங்கள் கடன் பாக்கிக்காரர்களின் பெயரும் போன் நம்பரும் குரூப் முழுக்கப் போய்விடும். அதற்காகக் கற்பனைச் சரக்கு, கற்பனை வாடிக்கையாளர், கற்பனை ஜிஎஸ்டி எண் எல்லாம் உண்டாக்குகிறோம். ஜிஎஸ்டி எண்ணை வாய்க்கு வந்தபடி அடிக்க முடியாது. 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து முன்னால் உள்ளவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கானது. அது பொருந்தாவிட்டால் நம் மென்பொருளே ஏற்காது.

மாதிரிக் கணக்கு தயாரானதும் அதை ஒரு பேக்கப் எடுத்து வைக்கிறோம். பேச்சு தடுமாறி மறுபடி எடுக்க நேர்ந்தால், முதலில் அந்தப் பேக்கப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும். இல்லையென்றால் முதல் காட்சியில் 40 ஆக இருந்த பில் எண் அடுத்த காட்சியில் 42 ஆகிவிடும், இருப்பும் குறைந்திருக்கும். ஒட்டிப் போட்டால் உடனே கேட்பீர்கள்: "நடுவில ஒரு பில்லைக் காணோமே, கேட்டியளா?" நியாயமான கேள்வி. பில் எண் விட்டுப்போனால் ஆடிட்டரும் இதையேதான் கேட்பார்.

அடுத்தது எழுத்தின் அளவு. நீங்கள் பார்ப்பது கவுண்டரில் நின்றுகொண்டு, மொபைலை நெட்டுக்குப் பிடித்து. அப்போது வீடியோவுக்குக் கிடைக்கிற அகலம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர்தான். 1920-க்கு 1080 அளவுத் திரையை அப்படியே பதிந்தால் எழுத்து கடுகை விடச் சிறிதாகிவிடும். எனவே விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேல் 150 சதவீதம் வைத்து, வீடியோவை 1280-க்கு 720 அளவில் எடுக்கிறோம். அதிலும் சின்னதாகத் தெரிகிற கட்டங்களுக்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஜூம்இட் இருக்கிறது. கன்ட்ரோலும் 1-ம் அழுத்தினால் திரை பெரிதாகும், கன்ட்ரோலும் 2-ம் அழுத்தினால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டலாம். மவுஸ் அம்பைப் பெரிதாக்கி வைப்போம். அதைச் சும்மா சுற்றவும் விடுவதில்லை. அம்பு அலைந்தால் பார்க்கிற கண்ணும் கூட அலையும்.

சத்தம்தான் பெரிய தலைவலி. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு மழைக்காலம். நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. தகரக் கூரையில் மழை அடித்தால் அன்றைக்குப் பதிவு கிடையாது. மற்ற நாளில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து வடியப் பேச வேண்டும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக இருக்க வேண்டும். நேராக இருந்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று முட்டும். ஓபிஎஸ் ஒலிக்கோட்டில் பேச்சு மஞ்சள் பகுதியில் ஓட வேண்டும். சிவப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கரகரக்கும், பிறகு எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. புளூடூத் இயர்போன் மைக் வேண்டவே வேண்டாம். அதில் மைக்கைத் திறந்த உடனே இணைப்பு போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சாதாரண வயர் மைக் இதைவிட எவ்வளவோ மேல்.

பேச்சையும் முன்கூட்டி எழுதிவைத்துத்தான் படிக்கிறோம். 90 நொடிக்கு நூற்றைம்பது சொல் எங்கள் அளவு. எழுதாமல் பேசினால் "அது வந்து", "இப்ப பாத்தீங்கன்னா" என்றே பாதி நேரம் போய்விடுகிறது.

கரண்ட். இதைச் சொன்னால் நம் ஊரில் விளக்கமே தேவையில்லை. சாதாரண எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை இல்லாமல் கோப்பு முழுவதும் திறக்காது. அதனால் ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் பதிகிறோம். அறுந்துபோன இடம்வரையாவது மிஞ்சும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். யூபிஎஸ் இருந்தாலும் அதன் 'கீ' சத்தம் பேச்சில் விழுந்துவிடும் என்பது தனிக் கதை.

வெட்டி ஒட்டும்போது இன்னொரு வம்பு தமிழ் எழுத்து. சில வீடியோ எடிட்டர்களில் நேரடியாகத் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். அதனால் தலைப்பையும் கீழே வரும் வரிகளையும் லிப்ரே ஆபீசில் அடித்து, படமாகச் சேமித்து, வீடியோவின்மேல் ஒட்டுகிறோம். கடையில் ஆள் நிற்கும்போது சத்தம் வைக்காமல் பார்ப்பவர்கள்தான் அதிகம், ஆகவே இந்த வரிகளை விடவும் முடியாது. காத்திருக்கும் இடங்களை வெட்டுவோம், ஆனால் முழுக்க அல்ல. ரிப்போர்ட் வர உங்கள் கணினியில் பத்து நொடி ஆகும். வீடியோவில் கண் சிமிட்டுமுன் வந்தால், நம் கணினி நின்றுவிட்டதாக நினைத்து நடுவில் அணைத்துவிடுவீர்கள். அதில்தான் டேட்டா கெட்டுப்போகிறது.

கடைசியாகக் கோப்பின் கனம். நொடிக்கு 15 படம், 1000 கிலோபிட் வேகம் போதும். இது சினிமா அல்ல, திரை பெரும்பாலும் அசையாமல்தான் நிற்கிறது. அந்தக் கணக்கில் 90 நொடி வீடியோ, ஒலியும் சேர்த்து 12 எம்பி சொச்சம் வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொருமுறை சுருக்கி எழுத்தை மங்கடித்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். எங்கள் வீடியோக்கள் ஏன் தானாக ஓடாமல் டவுன்லோடு கேட்கின்றன என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஏன் எல்லாவற்றையும் ஒரே நீண்ட வீடியோவாகப் போடவில்லை என்றும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 சதவீதப் படிகளில் இருந்த பெரும்பாலான சரக்கு 5-க்கும் 18-க்கும் மாறியபோது இதற்குப் பதில் கிடைத்தது. மருந்துக் கடையில் 12 ஆக இருந்த மருந்துகள் 5 ஆயின, குளியல் சோப்பும் பிஸ்கட்டும் 18-லிருந்து 5-க்கு வந்தன, சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு. எங்கள் பழைய வீடியோக்களில் வரி காட்டியவை மட்டும் செல்லாமல் போயின. ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ என்று வைத்திருந்ததால் அவற்றை மட்டும் நீக்கிப் புதிதாக எடுத்தால் போதுமாக இருந்தது. தெர்மல் ரோல் இரண்டு இஞ்சா மூன்று இஞ்சா, பார்கோடு ஒட்டுவது எப்படி என்பவை இன்றும் அப்படியே ஓடுகின்றன. வரி மாற்ற வீடியோவைத் தயவுசெய்து முழுதாகப் பாருங்கள். சரக்கின் பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை அடிக்கக் கூடாது, புதிய விகிதத்தை அமலாகும் தேதியோடு சேர்க்க வேண்டும். அழித்துவிட்டால், செப்டம்பர் 22-க்கு முன் விற்ற பொருள் திரும்பி வரும்போது ரிட்டர்ன் பில்லில் புது வரி விழுந்து கணக்கு உதைக்கும்.

களியக்காவிளை பக்கத்துக் கடைகளுக்கு ஒரு தனி வார்த்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலுள்ள பாறசாலைக்காரருக்கு பில் போடும்போது ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி) வராமல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்குள் விற்றால் மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிற வரி) என்று இரண்டாகப் பிரிகிறது என்பதுதான் உங்களிடமிருந்து அதிகம் வருகிற புகார். வாடிக்கையாளர் விவரத்தில் மாநிலம் காலியாக இருந்தால் மென்பொருள் அவரையும் 33-லேயே, அதாவது தமிழ்நாட்டிலேயே சேர்த்துக்கொள்ளும். 32 என்று கேரளத்தைத் தேர்ந்து சேமித்துவிட்டு பில் போடுங்கள். இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க நேரம் ஆகிறது, வீடியோவில் 40 நொடி. கவுண்டரில் கூட்டம் வந்தால் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். எங்களைப் போனில் அப்படி நிறுத்திவைக்க முடியாதே.

இனி நீங்கள் அனுப்புகிற வீடியோக்கள் பற்றி. கோளாறு வந்தால் "பில்லு அடிக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாமல் திரையைப் பதிந்து அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும். விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரையில் இடத்தைத் தேர்ந்தால் ஸ்னிப்பிங் டூல் பதியும். விண்டோஸ் 10-ல் விண்டோஸ், ஆல்ட், ஆர். ஆனால் இந்த இரண்டாவது வழி ஒரே ஒரு ஜன்னலை மட்டும்தான் பிடிக்கும். தனியாகத் திறக்கிற பிரிண்ட் பெட்டி அதில் வராது, வம்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்போது மட்டும் மொபைலில் எடுங்கள்: கிடைமட்டமாகப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டு. மொபைல் செயலியில் கோளாறு என்றால் ஆண்ட்ராய்டு 11-லிருந்து போனிலேயே ஸ்க்ரீன் ரெக்கார்டர் இருக்கிறது, மேலிருந்து இழுத்தால் கிடைக்கும். பிழைச் செய்தி வந்தபிறகு தொடங்காதீர்கள். அதற்கு மூன்று நான்கு படி முன்னாலிருந்தே பதியுங்கள். காரணம் அங்கேதான் கிடக்கும். தொடங்குமுன் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள். பதிவின் நடுவில் வங்கி ஓடிபி மேலே வந்து விழுந்ததை அப்படியே குரூப்பில் போட்டவர்கள் உண்டு. அப்படி வந்தால் நாங்கள் அழித்துவிடுகிறோம், ஆனால் எல்லோரும் பார்ப்பதற்கு முன் அழிக்க முடியும் என்று உத்தரவாதம் தர முடியாது.

நல்ல வீடியோ போடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விடியலில் ஒரு விலை, வெயில் ஏறியதும் ஒரு விலை என்று மாற்றிக்கொண்டே எடை பில் போடுவதைத் தோவாளைப் பூக்கடைக்காரர்கள் காட்டியது போல எங்களாலேயே காட்ட முடியாது. காலாவதித் தேதி வாரியாக மருந்தைப் பிரித்துக் காட்டிய மெடிக்கல் ஸ்டோர் அக்காவின் பதிவை இன்றும் புதியவர்களுக்கு முதலில் அனுப்புகிறோம். கூட்டம் நிறைந்த நேரத்திலும் குரூப்பில் அடுத்தவர் சந்தேகத்துக்குப் பதில் போடுகிற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கைவிடாமல் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே வருகிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் கடை நடக்கிறது.

ஏப்ரல் 1 முதல் உதவி எண் காலை 10 முதல் மதியம் 2 வரை இயங்கும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் கூடுதலாகச் சேரும் 600 ரூபாய் புதுப்பிப்பு ரசீதிலேயே குறித்து வரும். பில்லே போட முடியாமல் கடை நின்றுபோனால் மட்டும், எந்த நேரமானாலும், குரூப்பில் 'அவசரம்' என்று போடுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்.

அடுத்து வரவிருப்பது இ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் அனுப்பும்போது கூடவே இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டு பற்றிய வீடியோ. சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய், மாநிலம் தாண்டினால் ஐம்பதாயிரம் என்ற வரம்பை மென்பொருளில் எங்கே வைப்பது என்று அதில் இருக்கும். மழை விட்டால் இந்த வாரமே.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள் நிலையத்தார்,
நாகர்கோவில்