பக்கேஜின் மேல் எழுதப்படாதவை: ஆணைக்குழுவுக்கும் அதிகார சபைக்கும் ஒரு திறந்த மடல்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவர் அவர்களுக்கும்,

மதிப்பிற்குரியவர்களே,

களுவாஞ்சிக்குடியில் பிரதான வீதியோரம் சிறிய கொமினிகேஷன் கடை ஒன்றை நடத்திவருகிறேன். ரீலோட் போடுவது, சிம் பதிவது, போட்டோகொப்பி எடுப்பது, மின்சார, தொலைபேசிக் கட்டணங்களைக் கட்டிக்கொடுப்பது என்று கடையின் வேலை ஓடுகிறது. ஊரவர்கள் மட்டுமன்றி, மட்டக்களப்பு வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வருவோரும் என் வாடிக்கையாளர்கள்தான். நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை அழைத்து, பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க இயலாதவர்கள் தங்கள் முறைப்பாடுகளை என் மேசைக்கே கொண்டுவருகிறார்கள். காசை வாங்கியது என் கை என்பதால் அவர்கள் என்னைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் நான் உங்களைக் கேட்கிறேன்.

விலையைக் குறைக்கச் சொல்லி இம்மடலை எழுதவில்லை. இணையத்துக்கோ படத்துக்கோ பாட்டுக்கோ ஒருவர் காசு கொடுப்பதற்கு முன்னர், தான் வாங்குவது என்ன, அது எவ்வளவு காலம் தன்னிடம் இருக்கும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் வேலை செய்யாது என்பவை அவருக்குத் தமிழில், ஒரே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சொல்லப்பட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

பழுகாமத்திலிருந்து ஓர் அம்மா மாதம் தவறாமல் கடைக்கு வருவார். மகன் கட்டாரில் இருப்பதால், அவரோடு பேசுவதற்கென்று வட்ஸ்அப் பக்கேஜ் ஒன்றைப் போட்டுக்கொள்வார். ஒருமுறை பக்கேஜ் முடிய நாள் இருக்கும்போதே கணக்கிலிருந்த மீதிக்காசு முழுவதும் போய்விட்டது என்று தொலைபேசியை மேசையில் வைத்தார். "நான் வட்ஸ்அப்ப விட்டு வெளியால போகவே இல்லையே மனே" என்றார். வாங்கிப் பார்த்தபோது விடயம் விளங்கியது. குடும்பக் குழுமத்தில் யாரோ அனுப்பிய செய்தி இணைப்பை அவர் தொட்டிருக்கிறார். அது உலாவியில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்க, அங்கே விளம்பரக் காணொளிகள் தாமாகவே ஓடியிருக்கின்றன. வட்ஸ்அப்புக்கு வெளியே செலவான தரவு அந்தப் பக்கேஜில் அடங்காது. பிரதான மீதியிலிருந்து வெட்டப்படும். செய்தி வந்தது வட்ஸ்அப்பில், தொட்டது வட்ஸ்அப்பில் என்றிருக்க, தான் எல்லை தாண்டியதை அவர் எப்படி அறிவார்? நிபந்தனை எங்கோ ஓர் இணையப்பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது. "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டனே" என்று அவர் சொன்னதற்கு மேல் இந்த விடயத்தில் நான் வாதாட எதுவுமில்லை.

இந்தப் பக்கேஜ்கள் தாமாகச் சந்தைக்கு வந்தவை அல்ல. கட்டணத் திட்டங்கள் ஆணைக்குழுவின் ஒப்புதலைப் பெற்றே விற்கப்படுகின்றன. எனவே ஒப்புதல் கொடுக்கும் மேசையிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

முதலாவது, அளவு பற்றியது. பெரிய எழுத்தில் போடப்படும் ஜிபி கணக்கின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னர் மட்டுமே பாவிக்கக்கூடிய இரவுத் தரவாக இருக்கும் பக்கேஜ்களை நான் பல காலமாக விற்றுவந்திருக்கிறேன். விடியற்காலை வயலுக்குப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது விளம்பரம் எழுதியவருக்குத் தெரியாதிருக்காது. 2021ஆம் ஆண்டில், சமூக ஊடகங்களில் எழுந்த பெரும் கோரிக்கைக்குப் பின்னர், வரையறையற்ற பக்கேஜ்களுக்கு ஆணைக்குழு இடமளித்தது. அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் வரையறையற்றது என்று சொல்லி வாங்கியது குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகம் குறைக்கப்பட்டு ஆமையாகிவிடுகிறது. அந்த அளவு எது, குறைந்த பின் வேகம் எவ்வளவு என்பவை விளம்பரப் பலகையில் இல்லை. விளம்பரத்தில் ஒரு விலையும், கட்டணப் பட்டியலில் வரிகள் சேர்ந்த வேறொரு விலையும் இருப்பது இன்னொன்று. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக இருக்கையில், அந்த வித்தியாசம் சில்லறைக் காசு அல்ல.

இரண்டாவது, வேகம் பற்றியது. பட்டினத்தில் ஃபைபர் இழுத்த வீட்டுக்கும், வெல்லாவெளிப் பக்கம் ஒரே தொலைத்தொடர்புக் கோபுரத்தை நம்பி ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருக்கும் வீட்டுக்கும் ஒரே வேகம் கிடைக்காது என்பது எல்லோருக்கும் விளங்கும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள அத்தனை தொலைபேசிகளும் பங்குபோட்டுக்கொள்வதால் இரவு 8 மணிக்கு எல்லோரும் ஒன்றாக இணைப்பில் இருக்கும்போது வேகம் விழுவதும் இயற்கையே. ஆனால் விளம்பரத்தில் போடப்படுவது எப்போதாவது எட்டக்கூடிய உச்ச வேகம். பிரித்தானியாவில் 2018 மே மாதத்திலிருந்து, வீட்டு இணையத்துக்கு விளம்பரப்படுத்தப்படும் வேகம் இரவு 8 மணி முதல் 10 மணி வரையான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. எங்கள் பகுதிக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் சராசரி வேகம் என்னவென்று சொல்லிவிட்டு விற்கட்டும். வாங்குவதா இல்லையா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

மூன்றாவது, காலாவதி. 30 நாளில் தீராத தரவு 31ஆம் நாள் காற்றில் கரைந்துவிடுகிறது. கோபுரமும் கம்பியும் பராமரிக்கப்பட வேண்டும், அதற்கு மாதாந்த வருமானம் வேண்டும் என்ற நிறுவனங்களின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. இருந்தும், மாரிகாலத்தில் வெள்ளத்தாலும் மின்வெட்டாலும் நாட்கணக்கில் கோபுரம் படுத்துவிடும்போது அந்த நாட்களும் வாடிக்கையாளரின் கணக்கிலேயே கழிவது எந்த வாதத்துக்குள்ளும் அடங்காது. தென்னாபிரிக்காவின் ஒழுங்குறுத்துநர் 2019இல் இருந்து, தீராத தரவை அடுத்த காலத்துக்குக் கொண்டுசெல்லவும் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் வழி செய்ய வேண்டும் என்றும், பாதி தீர்ந்ததும், 80 சதவீதம் தீர்ந்ததும், முற்றாகத் தீர்ந்ததும் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்றும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. மாதம் என்று சொல்லி 28 நாள் விற்பதைப் பற்றி மக்கள் முறையிட்டபோது, இந்தியாவின் ஒழுங்குறுத்துநர் 2022 ஜனவரியில், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இவையெல்லாம் செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

அதிகார சபையின் தலைவர் அவர்களே, என் கடைக்குப் பக்கத்திலுள்ள பலசரக்குக் கடையில் விற்கும் பிஸ்கட் பக்கெட்டில் நிறை, அதிகபட்ச விலை, காலாவதித் திகதி எல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் உத்தியோகத்தர்கள் வந்து வழக்குப் போடுவார்கள். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பக்கேஜுக்கு ஏன் அந்தச் சீட்டு இல்லை? அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களும், அதே ஆண்டு ஒக்டோபர் முதல் சிறிய நிறுவனங்களும் விலை, கட்டணங்கள், வேகம், தரவு எல்லை ஆகியவற்றை உணவுப் பொருட்களில் ஒட்டும் சீட்டைப் போன்ற ஒரே வடிவத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க உங்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் வர்த்தகர் ஈடுபடக்கூடாது என்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் பொருந்தும் அந்தப் பிரிவு ஜிபிக்குப் பொருந்தாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்று சிலர் சொல்வதுண்டு. ஐந்தாக இருந்த கைத்தொலைபேசி நிறுவனங்கள் 2018இலும் 2024இலும் நடந்த இணைப்புகளால் மூன்றாகிவிட்டன. படுவான்கரையின் சில கிராமங்களில் ஒன்றின் சிக்னல்தான் நம்பக்கூடியதாக இருக்கிறது. அங்கே மாறுவதற்கு என்ன இருக்கிறது? நிறுவனங்களை அசைக்க ஆணைக்குழுவுக்கு ஆற்றல் போதாது என்ற சமாதானமும் எடுபடாது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோள் வந்ததும், சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் ஒரே இரவில் முடக்கப்பட்டதை நாங்கள் பார்த்தோம். அன்றைய வேகத்தில் காற்பங்கு போதும்.

இனிப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் வருகிறேன். கல்லாற்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வெளிநாட்டுப் படத் தளமொன்றுக்கு மாதாமாதம் டொலரில் கட்டிவருகிறார். 2022இல் ரூபா சரிந்து, 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவை அண்மித்தபோதும் விடாமல் கட்டினார். அந்தத் தளம் விளம்பரத்தில் காட்டும் தமிழ்ப் படங்களில் பல இலங்கையில் திறப்பதில்லை. சென்னையில் உள்ள அவருடைய மாமா வீட்டில் திறக்கின்றன. படங்களின் உரிமை நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுவதால், இலங்கைக்கான உரிமையை எவரும் வாங்காதபோது அல்லது வேறொருவர் வாங்கியபோது இப்படி ஆகிறது. உரிமையாளர் தன் சொத்தை விரும்பியபடி விற்பதை நான் குறைசொல்லவில்லை. திறக்காத படத்தின் சுவரொட்டியைக் காட்டி எங்களிடம் சந்தா வாங்குவதையே குறைசொல்கிறேன். திறக்கும் படத்துக்கும் செலவு அதோடு முடிவதில்லை. உயர்தெளிவில் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. அந்தக் கணக்கில் இரண்டரை மணிநேரத் தமிழ்ப் படம் ஒன்று ஏழரை ஜிபி வரை தின்றுவிடும்.

விலை கொடுத்து வாங்கியதும் கையில் நிற்பதில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கடையில் விற்பனைக்கு இட்டவரிடம் உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை வாடிக்கையாளர்களின் கின்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவிகளிலிருந்தே அழித்தது. மைக்ரோசொஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் எல்லாம் மறைந்தன; பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பது உண்மை. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல், இப்படிப் பறிபோகக்கூடிய அனுமதியை மட்டும் விற்கும் கடைகள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அப்படியொரு வரி எங்கள் திரையிலும் வரக்கூடாதா?

காசு கட்டும் அந்த இளைஞரின் கூட்டாளிகள் காசு கட்டுவதில்லை. எங்கோ இறக்கிய படத்தைப் பென் டிரைவில் வாங்கி, நாடு பார்த்து மறுக்காத, தானாக மறையாத, தரவும் தின்னாத பிரதியை வீட்டில் ஆறுதலாகப் பார்க்கிறார்கள். படம் ஏற்றித் தரச் சொல்லி என் கடைக்கும் பலர் வருகிறார்கள்; நான் செய்வதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை மீறினால் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்பதை அறிவேன். படம் எடுத்தவனுக்கும் வயிறு உண்டு என்பதையும் அறிவேன். ஆனால் காசு கட்டியவனுக்குக் கிடைப்பது மோசமான பொருள் என்று அவர்கள் சிரிக்கும்போது நான் என்ன சொல்வது? உரிமையாளரைக் காக்கும் சட்டமும் பாவனையாளரைக் காக்கும் சட்டமும் ஒரே ஆண்டில் நிறைவேறியவை. முதலாவதைப் பற்றிக் கடைக்காரர்கள் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். இரண்டாவதோ படத் தளங்களுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அந்த முதலாவது சட்டத்தைக்கூட நாங்கள் தண்டனையாக மட்டுமே அறிந்திருக்கிறோம். போட்டோகொப்பிக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், எத்தனை பக்கம் எடுக்கலாம் அண்ணா என்று என்னைக் கேட்கிறார்கள். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க இடமளிக்கிறது. முழுப் புத்தகத்தை அப்படியே பிரதியெடுக்க இடமளிக்கவில்லை. படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் கழிந்தால், படைப்பைப் பிரதியெடுத்து விற்பது போன்ற பொருளியல் உரிமை முடிகிறது. ஆகவே காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரின் எழுத்து ஏற்கெனவே எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இன்று அதைப் பதிப்பிப்பவர் எழுதிச் சேர்த்த குறிப்புரைக்கு மட்டும் தனி உரிமை உண்டு. இவற்றைத் தமிழில் ஒரு தாளில் அடித்து எங்களைப் போன்ற கடைகளுக்கு அனுப்பும்படி புலமைச் சொத்து அலுவலகத்துக்கு நீங்கள் சொன்னால் பெரிய உபகாரமாக இருக்கும்.

ஆணைக்குழுவிடம் என் கோரிக்கை, இனி எந்தப் பக்கேஜுக்கும் ஒப்புதல் கொடுக்கும்போது ஒரு பக்க விளக்கச் சீட்டை மும்மொழியிலும் நிபந்தனையாக்குங்கள் என்பதே. வரியோடு முழு விலை, பகல் தரவு, இரவுத் தரவு, வேகம் குறையும் எல்லை, குறைந்த பின் வேகம், எந்தெந்தச் செயலிக்கு வெளியே காசு வெட்டப்படும், கோபுரம் படுத்த நாட்கள் எப்படி ஈடுசெய்யப்படும் என்பவை அதில் இருக்கட்டும். ஒரு பக்கேஜ் முடிந்தாலும், அதற்கு வெளியே தரவு செலவானாலும், பிரதான மீதியைத் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். அப்படிக் கேட்டிருந்தால் பழுகாமத்து அம்மாவின் காசு அன்றைக்குத் தப்பியிருக்கும். அதிகார சபை, இலங்கையரிடம் சந்தா வாங்கும் படத் தளங்களும் பாட்டுத் தளங்களும் இங்கே திறப்பவற்றின் பட்டியலைப் பணம் வாங்குவதற்கு முன் காட்ட வேண்டும் என்று பணிக்கலாம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று உங்கள் சட்டம் சொல்வதால், என் வாடிக்கையாளர்களில் விரும்பியவர்களின் முறைப்பாடுகளைத் தமிழில் எழுதிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்; அவை மட்டக்களப்பு அலுவலகத்துக்கு வந்துசேரும். அவற்றுக்கான பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். மட்டக்களப்பில் இதுபற்றிய கலந்துரையாடல் ஒன்றை இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒழுங்குசெய்தால், பக்கேஜ் சீட்டுகளோடும் கட்டணப் பட்டியல்களோடும் நேரில் வந்து விளக்கமளிக்க நானும் என் வாடிக்கையாளர்கள் சிலரும் ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடை உரிமையாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.